நாஷ்வில் பாரில் கன்ட்ரி கவர் பேண்ட் கேட்கப் போகிறீர்களா? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் பிராட்வே தெருவுக்கு அழைத்துப் போகும் வேலை என்னிடம்தான் வரும். முதல் தடவை வந்தவர்களில் பாதிப் பேர் அரை மணி நேரத்தில் "ஒரே இரைச்சல், போதும்" என்று வெளியே வந்துவிட்டார்கள். அதே ஆட்களை இன்னொரு நாள், இன்னொரு நேரத்தில் கூட்டிப்போனேன். நான்கு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. பேண்டின் தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. எதை முன்னால் செய்தோம், எதைப் பின்னால் செய்தோம் என்பதில்தான் வித்தியாசம். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. எங்கே போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

"நாஷ்வில்லில் கன்ட்ரி மியூசிக்" என்று தேடினால் மூன்று வகை இடங்கள் கலந்து வரும். கிராண்ட் ஓல் ஆப்ரி டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பெரிய மேடை நிகழ்ச்சி. கிரீன் ஹில்ஸ் பகுதியிலுள்ள புளூபேர்டு கஃபே, பாடலாசிரியர்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே பாடும் சின்னக் கூடம். அங்கே பேசினால் "உஷ்" என்பார்கள். மூன்றாவது, பிராட்வே தெருவின் ஆற்றங்கரைப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் ஹாங்கி டாங்க் பார்கள், அதாவது நேரடியாகக் கன்ட்ரி இசை வாசிக்கும் பார்கள். கவர் பேண்ட் கேட்க வேண்டிய இடம் இந்த மூன்றாவதுதான்.

கவர் பேண்ட் என்றால் நம்மூர் லைட் மியூசிக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டைத் தங்கள் கையால் வாசித்துக் காட்டுகிறவர்கள். சொந்தப் பாட்டு நடுவில் ஒன்றிரண்டு வரலாம். இந்த பார்களில் பெரும்பாலானவற்றில் நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். 9-ஆம் படியில் காரணம் வரும்.

இன்னொரு குழப்பம்: பெரிய நட்சத்திரங்களின் பெயர் தாங்கிய மூன்று நான்கு மாடி பார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு பேண்ட் இருக்கும்; ராக், பாப் எல்லாம் கலந்து வரும். பழைய பாணி கன்ட்ரி, ஃபிடில் (வயலின்), ஸ்டீல் கிட்டார் (தந்தி மேல் எஃகு உருளையை வழுக்கி வாசிப்பது) வேண்டுமென்றால் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட், லைலாஸ் போன்ற சின்ன இடங்களில் தொடங்குங்கள். முதல் தடவை வருகிறவர்களை நான் நேராகச் சின்ன இடத்துக்குத்தான் அழைத்துப் போவேன்.

2. நாளையும் ஷிஃப்டையும் முடிவு செய்யுங்கள்

பிராட்வேயில் பேண்டுகள் ஷிஃப்ட் முறையில் வாசிக்கின்றன. வழக்கமான கணக்கு நான்கு மணி நேரம்: காலை 10 முதல் 2 வரை, 2 முதல் 6 வரை, 6 முதல் 10 வரை, 10 முதல் நள்ளிரவு தாண்டி 2 வரை. பாருக்குப் பார் அரை மணி முன்பின் இருக்கும்.

முதல் தடவைக்கு வார நாள், மதியம் 2 மணி ஷிஃப்ட். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் போய் நிற்பது. கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக் கூட்டம் அப்போது தெருவையே நிரப்பியிருக்கும். அந்தக் கூட்டம் பேண்டோடு சேர்ந்து கத்திப் பாடக்கூடிய பத்துப் பாட்டையே விரும்பும். பேண்டும் அதையே வாசிக்க வேண்டிவரும். செவ்வாய் மதியம் உள்ளே முப்பது பேர்தான் இருப்பார்கள். வாசிப்பவர்களுக்கும் தங்களுக்குப் பிடித்ததை எடுக்க இடம் கிடைக்கும்.

போகும் முன் பிரிட்ஜ்ஸ்டோன் அரினாவில் அன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது பிராட்வேயிலேயே இருக்கிறது. ஹாக்கி ஆட்டமோ பெரிய கச்சேரியோ முடிந்தால் அத்தனை கூட்டமும் ஒரே சமயத்தில் இந்த பார்களுக்குள் நுழையும்.

3. பாரைத் தேர்ந்தெடுத்த பின் பேண்டையும் பாருங்கள்

ஒரே பாரில் மதியம் வாசிப்பவர்களும் இரவு வாசிப்பவர்களும் வேறு வேறு ஆட்கள். "அந்த பார் நல்லா இருக்கும்" என்று யாராவது சொன்னால், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.

பல பார்கள் அந்த வார நிகழ்ச்சி நிரலைத் தங்கள் தளத்திலோ இன்ஸ்டாகிராமிலோ போடும். பேண்டின் பெயரை எடுத்து அவர்கள் வாசித்த ஒரு நிமிட வீடியோவைப் பாருங்கள். ஸ்டேஜில் ஃபிடிலோ ஸ்டீலோ இருக்கிறதா என்று கவனித்தாலே அது எந்த வகைக் குழு என்று ஓரளவு தெரிந்துவிடும்.

4. கிளம்பும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பாஸ்போர்ட். இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. என் பெரியப்பா வந்திருந்தபோது அவருக்கு 68 வயது. வாசலில் நின்றவர் அடையாள அட்டை கேட்டார். "ஏன்டா தம்பி, என் நரைச்ச தலையைப் பார்த்தா தெரியலையா?" என்றார் பெரியப்பா. நம்மூர் டிரைவிங் லைசென்ஸை நீட்டினோம்; செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தபோது, அவர் ஆசைப்பட்ட ஃபிடில்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அமெரிக்க லைசென்ஸ் இல்லாத எல்லோரும் அசல் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும். போனில் இருக்கும் படம் போதாது.

குழந்தைகள் வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். பகலில் பெற்றோருடன் அனுமதிக்கும் பார்கள் உண்டு; இரவானால் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுவார்கள். 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமான இடங்களில் முன்பு புகைக்க முடிந்தது; 2023 முதல் நாஷ்வில் நகரம் பார்களுக்குள் புகைப்பதைத் தடை செய்துவிட்டது.

ரொக்கம். ஒரு டாலர் நோட்டு பத்து, ஐந்து டாலர் நோட்டு நான்கு, இருபது டாலர் நோட்டு இரண்டு. அங்கே போய் ஏடிஎம் தேடினால் கட்டணம் தனி. அதற்குள் பேண்டுக்கு டிப்ஸ் வாங்க வரும் பக்கெட் உங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

இயர்பிளக். சின்ன அறை, மின் கிட்டார், டிரம்ஸ். ஒலி 100 டெசிபலைத் தொடுவது சாதாரணம். அமெரிக்கத் தொழில் நலக் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நீங்கள் நான்கு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள். இசைக் கலைஞர்களுக்கென்றே விற்கும் இயர்பிளக் வாங்குங்கள். சத்தம் குறையும், பாட்டின் தெளிவு போகாது. பஞ்சு வைத்தால் மேல் ஸ்தாயி அடைபட்டு ஃபிடில் மங்கிவிடும்.

மூடிய செருப்பு அல்லது ஷூ. தரையில் பீர் சிந்தியிருக்கும், யாராவது காலை மிதிப்பார்கள். கௌபாய் தொப்பியும் பூட்ஸும் கட்டாயமில்லை. பெரிய பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பல வாசல்களில் விடமாட்டார்கள், உள்ளே வைக்கவும் இடமிருக்காது.

5. போய்ச் சேருவதும் திரும்புவதும்

குடிப்பதாக இருந்தால் காரை எடுக்காதீர்கள். டென்னசியில் ரத்த ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம். விசாவில் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரியது. குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். குழுவில் குடிக்காத ஒருவர் ஓட்டட்டும், இல்லையென்றால் ஊபர்.

திரும்பும்போது ஊபரை பிராட்வேக்கே வரச் சொல்லாதீர்கள். மாலைக்கு மேல் அந்தத் தெரு நகராது. இரண்டு தெரு தள்ளி நடந்து போய் அழையுங்கள்.

6. ஷிஃப்ட் மாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு உள்ளே இருங்கள்

ஒரு பேண்ட் முடிக்கும்போது அவர்களுக்காக வந்தவர்கள் எழுந்து போவார்கள். முன்வரிசை மேசைகள் காலியாகும் நேரம் அதுதான். அரை மணி கழித்து வந்தால் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும்.

பல பார்களில் ஸ்டேஜ் வாசலுக்குப் பக்கத்திலேயே, தெரு ஜன்னலுக்கு முதுகு காட்டி அமைந்திருக்கும். அதனால் கூட்டம் வாசலில் அடைத்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்துவிட்டு "நிரம்பிவிட்டது" என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய. ஸ்டேஜைத் தாண்டிப் பத்தடி உள்ளே போங்கள், இடமிருக்கும்.

ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் உட்காராதீர்கள். அங்கே பாடுபவரின் குரல்தான் காதை அறையும், வாத்தியங்கள் பிரிந்து கேட்காது. நடுவில், மூன்றாவது மேசை அளவு தள்ளி உட்கார்ந்தால் ஐந்து வாத்தியமும் சேர்ந்து வரும். வாசிப்பவர்களின் கை தெரிகிற இடமாகவும் பாருங்கள். 8-ஆம் படிக்கு அது வேண்டும்.

7. ஆர்டர் கொடுத்து வேலையை முடித்துவிடுங்கள்

பேண்ட் தொடங்கும் முன் பானமும் சாப்பாடும் சொல்லிவிடுங்கள். தொடங்கிய பின் பார்டெண்டரிடம் கத்திப் பேச வேண்டிவரும்.

குடிக்காதவர்கள் கோக் அல்லது சோடா வாங்கலாம். யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள். ஆனால் ஒன்றும் வாங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது சரியில்லை. அந்த விற்பனையில்தான் பார் பேண்டை வைத்திருக்கிறது. பானத்துக்கு ஒன்று இரண்டு டாலர் பார்டெண்டருக்கு டிப்ஸ்.

"டேப் ஓபன் பண்ணவா?" என்று கேட்டால், கார்டை அவர்கள் வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாகப் பில் போடுவார்கள் என்று பொருள். கூட்ட நாளில் கார்டை மறந்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு தடவையும் அப்போதைக்கப்போது கட்டிவிடுவது என் பழக்கம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: ராபர்ட்ஸில் பேர்போன மலிவு விலை காம்போவில் வறுத்த பொலோனி சாண்ட்விச் இருக்கிறது, அது இறைச்சி. கூடவே வரும் மூன் பை என்ற இனிப்பில் ஜெலட்டின் உண்டு. பிரெஞ்சு ஃபிரைஸ் பெரும்பாலும் கிடைக்கும். வயிற்றை நிரப்ப நம்பிப் போகாமல், வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது மேல்.

8. முதல் அரை மணி நேரம் கேளுங்கள், வேறெதுவும் வேண்டாம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். உட்கார்ந்ததும் போனைத் தூக்கி வீடியோ, பிறகு பேச்சு, பிறகு பாட்டு கேட்டுச் சீட்டு. என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியும் முன்பே மாலை முடிந்துவிடுகிறது.

முதல் பாட்டில் குரலை விட்டுவிட்டு ஒரு வாத்தியத்தைப் பிடியுங்கள். பெடல் ஸ்டீல் இருந்தால் அதையே பிடியுங்கள். மேசை போலக் கிடையாக வைத்து, முன்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். பெரும்பாலும் பத்துத் தந்தி. வலது விரல்கள் மீட்டும். இடது கையில் ஓர் எஃகு உருளை தந்தியின் மேல் வழுக்கும். காலடியில் பெடல்கள், முழங்காலுக்கு இருபுறமும் நெம்புகோல்கள். அவற்றைத் தொட்டதும் தந்தியின் இழுவிசை மாறி, ஒரு சுரம் இன்னொன்றுக்குள் கரைந்து போகும். சித்திரவீணைக் கச்சேரி கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் உடனே பிடிபடும். ஃபிடில் நமது வயலினேதான். இங்கே தோளில் தாங்கி நின்றுகொண்டு, குட்டைக் குட்டை வில்லடியில் வாசிக்கிறார்கள்.

அடுத்து, ஆட்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். இந்தப் பேண்டுகள் பல நேரம் ஒத்திகை பார்த்தவை அல்ல. வழக்கமான பாஸ்காரர் வராவிட்டால் இன்னொருவர் வந்து நிற்பார். அவர்கள் நாஷ்வில் எண் முறையை நம்பி வாசிக்கிறார்கள். லீடர் மைக்கிலிருந்து விலகி "ஜி" என்றோ "ஏ" என்றோ சுருதியைச் சொல்வார். அதன்பின் கார்டுகளுக்கு (chord, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பெயர் கிடையாது, எண்தான்: ஒன்று, நான்கு, ஐந்து. ஸட்ஜத்தில் நிற்பது ஒன்று, மத்யமத்தில் நிற்பது நான்கு, பஞ்சமத்தில் நிற்பது ஐந்து என்று வைத்துக்கொண்டால் நமக்குப் புரிந்துவிடும். பாடகருக்குக் குரல் சரியில்லையென்றால் சுருதியை இறக்குவார்கள். எண் மாறாது.

ஒரு புதன்கிழமை மதியம் ஒரு வயதான அம்மா பழைய பாட்டு ஒன்றைக் கேட்டார். புதிதாக வந்திருந்த பாஸ்காரருக்கு அது தெரியவில்லை, தலையை ஆட்டினார். ஃபிடில்காரர் வில்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து விரல் காட்டத் தொடங்கினார். நான்கு விரல். ஒன்று. ஐந்து. மறுபடி ஒன்று. பாஸ்காரரின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. இரண்டாம் சரணம் வந்தபோது அவர் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு டிரம்ஸ்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இதைப் பார்க்கத்தான் கை தெரிகிற மேசை வேண்டும் என்றேன்.

கைதட்டும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். சரணங்களுக்கு நடுவில் ஸ்டீல், ஃபிடில், கிட்டார் என்று ஒவ்வொருவராகச் சில வரி தனியாக வாசிப்பார்கள். அந்தத் தனி முடிகிற இடத்திலேயே தட்டுங்கள், பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும். தனி ஆவர்த்தனத்துக்குத் தட்டுகிறோமே, அப்படித்தான். அந்த நேரத்தில் கத்திப் பேசாமலும் இருங்கள்.

வீடியோ எடுக்கலாம். ஒரு பாட்டில் அரை நிமிடம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். பின்னால் இருப்பவரின் பார்வையை உங்கள் போன் மறைக்கிறது.

9. பக்கெட் வரும்போது

இந்தத் தெருவில் பேண்டுகளுக்கு பார் கொடுக்கும் அடிப்படைச் சம்பளம் சொற்பம். வருமானத்தின் பெரும்பகுதி டிப்ஸ்தான். நீங்கள் நுழைவுக் கட்டணம் கட்டாததன் மறுபக்கம் இது.

நான்கு மணி நேரமும் பேண்ட் பெரும்பாலும் நிறுத்தாது. மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இறங்கி வாளியோ ஜாடியோ எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வருவார். ஐந்து பேர் கொண்ட குழு என்றால் நீங்கள் போடும் இருபது டாலரில் ஆளுக்கு நான்கு டாலர். அதை மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலைக்கு ஐந்து டாலர் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ரொக்கம் தீர்ந்துவிட்டால் ஸ்டேஜில் வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியின் குறியீடு ஒட்டியிருக்கும், அதில் அனுப்பலாம்.

பக்கெட் வரும்போது பாத்ரூம் பக்கம் நழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த ஸ்டீல்காரர் அந்த வாத்தியத்தைப் பழக எத்தனை வருஷம் போட்டிருப்பார் என்று யோசியுங்கள்.

10. நேயர் விருப்பம்

பாட்டு கேட்பதை இந்த இடத்தில் வைத்ததற்குக் காரணம், அரை மணி கேட்ட பின்புதான் எந்த வகைப் பாட்டு இவர்களுக்கு வரும் என்று தெரியும். ஹாங்க் வில்லியம்ஸ், மெர்ல் ஹேகர்டு காலத்துப் பாட்டாக வாசித்துக்கொண்டிருப்பவர்களிடம் போன வருஷத்து ரேடியோ ஹிட்டைக் கேட்டால் இருவருக்கும் சங்கடம்.

பேப்பர் நாப்கினில் பெரிய எழுத்தில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் எழுதுங்கள். பாடியவர் பெயர் அவசியம். 'டென்னசி விஸ்கி' என்று மட்டும் எழுதினால் எதை வாசிப்பது? டேவிட் ஆலன் கோ 1981-இல் பாடினார், ஜார்ஜ் ஜோன்ஸ் 1983-இல் பாடினார், கிறிஸ் ஸ்டேபிள்டன் 2015-இல் வேறு நடையில், புளூஸ் போல இழுத்துப் பாடினார். பெயரைக் குறிப்பிட்டால் நீங்கள் நினைத்த நடை வரும்.

நாப்கினோடு பணத்தைச் சேர்த்து, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் போய் ஜாடியில் போடுங்கள். பிராட்வேயில் ஒரு பாட்டுக்கு 20 டாலர் என்பது பரவலான வழக்கம். பாடிக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே சீட்டை நீட்டாதீர்கள், ஸ்டேஜ் மேல் ஏறாதீர்கள்.

அவர்களுக்குத் தெரியாத பாட்டாக இருந்தால், அதே பாடகரின் வேறொன்றைச் சொல்லிக் கேட்பார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள். போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஷிஃப்டின் கடைசிக் கால் மணியிலும் கேட்காதீர்கள், வரிசையில் ஏற்கெனவே பத்துச் சீட்டு இருக்கும்.

11. ஆட விரும்பினால்

ஸ்டேஜ் முன்னால் காலியாகத் தெரியும் இடம் நிற்பதற்கல்ல, ஆடுவதற்கு. கையில் கோப்பையோடு அங்கே போய் நிற்பது புதியவர்கள் செய்யும் தவறு. ஜோடிகள் டூ ஸ்டெப் ஆடும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவார்கள். நடுவில் நின்றால் இடிபடுவீர்கள்.

காலடி எளிது: வேகம், வேகம், மெதுவாக, மெதுவாக. மேசையின் கீழேயே இரண்டு பாட்டுக்குக் காலைத் தட்டிப் பழகிவிட்டு எழுந்திருங்கள். யாராவது ஆட அழைத்தால் மறுக்கலாம். ஒரு புன்னகையும் நன்றியும் போதும்.

12. கிளம்பும்போது

பாதிப் பாட்டில் எழுந்து ஸ்டேஜ் முன்னால் நடந்து போகாதீர்கள். முடிந்து கைதட்டிவிட்டு எழுந்திருங்கள். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வராதீர்கள், வாசலிலேயே நிறுத்துவார்கள்.

ஷிஃப்ட் முடியும் வரை இருந்தீர்களென்றால், அடுத்த பேண்ட் ஏறும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் வாசித்தவர்கள் ஒயர் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போது போய்ப் பேசலாம். எந்தப் பாட்டு பிடித்தது, யாருடைய தனி பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அடுத்து எந்தக் கிழமை, எங்கே வாசிக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரே ஆள் வாரத்தில் நான்கு பார்களில் நான்கு குழுக்களோடு வாசிப்பதுண்டு. பெரியப்பா தவறவிட்ட அந்த ஃபிடில்காரரிடம் இப்படித்தான் கேட்டோம். வெள்ளிக்கிழமை மதியம், மூன்று கட்டிடம் தள்ளி, வேறு குழுவோடு என்றார். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றே முக்காலுக்கே போய் மூன்றாவது மேசையில் உட்கார்ந்தோம்.